தெர்மோஸ்டாட்டை நானே மாற்றினேன். இப்போது ஐடில் ஏறி இறங்குகிறது, சூடும் ஏறுகிறது

செந்தூல்காரன்:

வணக்கம். என் கார் 2004 புரோட்டான் விரா 1.5, ஆட்டோ, இன்ஜெக்‌ஷன். மேல் ஹோஸில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட்டுக்குக் கீழே பார்க்கிங்கில் வைத்து நானே மாற்றினேன். கைவைத்ததுதான் வைத்தோம் என்று தெர்மோஸ்டாட்டையும் (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) புதிதாகப் போட்டேன். பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் பச்சைக் கூலண்ட் ஊற்றினேன். மூன்று லிட்டர் அளவில் ரேடியேட்டர் நிறைந்துவிட்டது.

அதற்கு முன் இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. இப்போது மூன்று பிரச்சினை.

முதலாவது, ஐடில், அதாவது பெடலை மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம். வண்டி சூடான பிறகு ஆர்பிஎம் முள் 1000-க்கும் 2000-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வூம், வூம் என்று யாரோ மிதித்து விடுவதுபோல் சத்தம். இரண்டாவது, ஜாலான் ஈப்போ ஜாமில் நின்றால் சூட்டு முள் முக்கால் வரை போகிறது, அப்புறம் திடீரென்று பாதிக்கு விழுகிறது. மூன்றாவது, காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரமாகிறது, எடுத்ததும் பெட்ரோல் வாடை.

பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். அங்கிருந்த ஃபோர்மன் (மெக்கானிக்) பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் தகடு) போய்விட்டது, 1,400 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார். அடுத்த சனிக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து, புக்கிட் மெர்தாஜாம் போக வேண்டும். அம்மாவும் வருகிறார். 1,400 வெள்ளி இப்போது என்னிடம் இல்லை. உண்மையிலேயே கேஸ்கெட்தானா?


கிள்ளான் லோரி:

தம்பி, அந்தப் புது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். நம் ஊர் என்ன பனி பெய்கிற ஊரா? 20 வருடமாக நான் ஓட்டிய எந்தக் காரிலும் தெர்மோஸ்டாட் வைத்ததில்லை. சூடு ஏறியதும் இல்லை.


பட்டர்வொர்த் ஃபோர்மன்:

செந்தூல் தம்பி, ஹெட்டைத் திறக்க யாருக்கும் இப்போது சம்மதம் சொல்லாதீர்கள். பட்டறையில் 30 வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜின், நாம் கைவைத்த மறுநாள் கோளாறு பண்ணினால் நம் கை போன இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறி வண்டி எங்காவது நின்றுவிட்டதா? நீங்கள் அப்படி எழுதவில்லை. வேகாத இன்ஜினுக்குத் திடீரென்று ஞாயிற்றுக்கிழமை கேஸ்கெட் போவது அபூர்வம்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. இந்த இன்ஜினுக்கு ரிசர்வ் டேங்க்கோடு சேர்த்து ஐந்து லிட்டர் அளவில் கூலண்ட் பிடிக்கும். ரேடியேட்டரை மட்டும் இறக்கினால் பிளாக்கில் கொஞ்சம் பழைய தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனாலும் மூன்று லிட்டர் என்பது எனக்குக் குறைவாகப் படுகிறது. மீதி இடத்தில் காற்று நிற்கிறது என்று நினைக்கிறேன்.

முக்கால் வரை போய்த் திடீரென்று விழும் முள்ளும் அதைத்தான் சொல்கிறது. தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக் காற்று நின்றால் அதற்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, திறக்கத் தாமதமாகும். அதற்குள் ஹெட்டில் சூடு ஏறிவிடும். அப்புறம் திறந்ததும் ரேடியேட்டரில் காத்திருந்த குளிர்ந்த தண்ணீர் ஒரேயடியாக உள்ளே வரும், முள் விழும்.

ஐடிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். உங்கள் காலத்து இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் த்ரோட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் வாய்) அடியில் இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் போகும். அவற்றில் ஓடுவது கூலண்ட். உள்ளே மெழுகு அடைத்த ஒரு வால்வு உண்டு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது திறந்து கூடுதல் காற்று விடும், ஐடில் உயரும். கூலண்ட் சூடாக ஆக மெழுகு விரிந்து வால்வை மூடும். அந்தக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் மெழுகுக்குச் சூடே போகாது, வால்வு திறந்தபடியே இருக்கும். கால் பெடலில் இல்லை, ஆனால் ஆர்பிஎம் மட்டும் 2000-ல் நிற்கிறது என்று பார்த்ததும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை வெட்டும். ஆர்பிஎம் விழுந்ததும் மறுபடி விடும். உங்கள் வூம், வூம் அதுதான்.

சோதிப்பது எளிது. வண்டி சூடானதும் அந்த இரண்டு குழாயையும் விரலால் தொட்டுப் பாருங்கள், பெல்ட்டும் ஃபேனும் இருக்கும் பக்கம் கை போகாமல். இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தால் காற்று அங்கே நிற்கிறது.

பெட்ரோல் வாடை மட்டும் இதில் சேரவில்லை. அது வேறு ஒன்று. எனக்குப் பதில் சொல்லுங்கள்: தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்ற எந்தெந்த ஒயரை, குழாயைப் பிடுங்கினீர்கள்? சின்ன வேக்யூம் குழாய், பிளக் கேபிள், சென்சார் பிளக், எதுவும் விடாமல் எழுதுங்கள். தெர்மோஸ்டாட்டை எப்படி வைத்தீர்கள் என்பதையும்.

கிள்ளான் நண்பரே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மகிழ்ச்சி. ஆனால் இந்த யோசனையைத் தம்பிக்குச் சொல்ல நான் விடமாட்டேன். தெர்மோஸ்டாட் பனிக்காக வைத்தது இல்லை. அது இல்லாமல் ஹைவேயில் ஓடினால் இன்ஜின் எட்ட வேண்டிய சூட்டை எட்டாது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் கெடும், பெட்ரோல் செலவு கூடும். இன்னொன்று, சில கார்களின் தெர்மோஸ்டாட்டில் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல்வழி திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறைவதற்காகக் கழற்றுகிறோம், சூடு ஏறுகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிக்குச் சரிப்பட்டது எல்லாவற்றுக்கும் சரிப்படாது.


கிள்ளான் லோரி:

பைபாஸ் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். என் வண்டிகள் எல்லாம் பழைய கார்புரேட்டர் வண்டிகள்தான். தம்பி, ஃபோர்மன் சொல்வதைக் கேளுங்கள்.


செந்தூல்காரன்:

அண்ணே, நன்றி. இப்போதுதான் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

த்ரோட்டில் பாடிக் குழாய் நீங்கள் சொன்ன மாதிரியே. ஒன்று தொட முடியாத சூடு, ஒன்று சாதாரணமாக இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டில் ஸ்பிரிங் பக்கத்தை இன்ஜினை நோக்கித்தான் வைத்தேன். அதில் ஒரு சின்ன ஓட்டையும் ஆடுகிற ஊசியும் இருந்தது. அதை எந்தப் பக்கம் வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. பிளக் கேபிள்களைத் தொடவில்லை. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி மாட்டினேன், கிளிப் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு சென்சார் இருந்தன, ஒன்றுக்கு ஒரு ஒயர், இன்னொன்றுக்கு இரண்டு ஒயர். இரண்டையும் பிடுங்கி மறுபடி செருகினேன். இரண்டு ஒயர் பிளக்கின் பூட்டு அப்போதே உடைந்துவிட்டது. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்துதான் இருக்கிறது.


பட்டர்வொர்த் ஃபோர்மன்:

பெட்ரோல் வாடை வந்த வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒற்றை ஒயர் இருப்பது டாஷ்போர்டு முள்ளுக்கு. இரண்டு ஒயர் இருப்பது ஈசியூவுக்கு. இரண்டும் தனித்தனி. அதனால்தான் முள் ஒழுங்காகக் காட்டினாலும் ஈசியூ தவறாகப் படிக்க முடியும். ஈசியூ சென்சாரில் குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் கூடும். 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். பிளக் பாதி செருகியிருந்தாலோ, பின்னில் கூலண்ட் பட்டுப் பச்சை பூத்திருந்தாலோ அந்த இடத்திலேயே கூடுதல் ரெசிஸ்டன்ஸ் சேரும். இன்ஜின் இருப்பதைவிடக் குளிராக இருக்கிறது என்று ஈசியூ ஏமாந்து பெட்ரோலைக் கொட்டும். காலையில் ஸ்பார்க் பிளக் நனைந்து ஸ்டார்ட் எடுக்கத் திணறும், வாடை வரும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்தப் பிளக்கைக் கழற்றிக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். முழுவதுமாக உள்ளே தள்ளி, பூட்டுக்குப் பதில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் கடை) அதே பிளக் வால் ஒயரோடு கிடைக்கும், நேரம் கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரையும் அளந்துவிடுங்கள்.

அந்த ஆடும் ஊசிதான் காற்று வெளியேறும் வழி. மூடி நிற்கும் வாகுக்கு அது ஆக உயரத்தில் இருக்க வேண்டும். கீழே போயிருந்தால் காற்று வெளியேற வழி இருக்காது. அதை ஒருமுறை கழற்றிச் சரியாக வைத்துவிட்டுப் பிறகு காற்று எடுப்பதே நல்லது. கேஸ்கெட் புதிதாக வாங்குங்கள், சில காசுதான்.


மலையடி வீடு:

நான் இருப்பது ஆயர் ஈத்தாம். என் பழைய புரோட்டான் சாகா காருக்கு நானேதான் எல்லாம் பார்க்கிறேன், அதனால் காற்று எடுக்கும் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

யூடியூபில் பார்க்கும் பாதி வீடியோ குளிர் நாட்டுக்காரர்கள் போடுவது. ஹீட்டரை முழுச் சூட்டில் வை என்பார்கள். நம் ஊரில் விற்ற பல கார்களில் ஹீட்டரே கிடையாது, ஏர்கான் மட்டும்தான். இல்லாத ஹீட்டரைத் தேடி நான் ஒரு மதியம் முழுக்க வீணடித்தேன்.

எங்கள் வீட்டு வாசல் ஏற்றம். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துவேன். ஹேண்ட்பிரேக், பின் டயருக்குக் கட்டை, இரண்டும் கட்டாயம். ரேடியேட்டர் வாய்தான் ஆக உயரமான இடமாக இருக்க வேண்டும், காற்று மேலே வருவதற்கு. ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, ரேடியேட்டர் வாயில் துணி சுற்றி இறுக்கிவிடுவேன். அதில் பாதிவரை கூலண்ட். குளிர்ந்த இன்ஜினில் ஆரம்பித்து மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிடுவேன், ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை. இடையிடையே தடித்த துணியால் மேல் ஹோஸைப் பிடித்து மெதுவாக அமுக்கினால் குமிழி குமிழியாக வரும். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் தண்ணீர் சட்டென்று பொங்கும், முகத்தை மேலே நீட்டாதீர்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, நிரப்பி, மூடி போட்டு, ரிசர்வ் டேங்க்கை மேல் கோடுவரை வைப்பேன்.

அன்றோடு முடிந்தது என்று விடாதீர்கள். ராத்திரி ஆறும்போது இன்ஜின் ரிசர்விலிருந்து இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை, குளிர்ந்த நிலையில் மட்டும், மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று காலை இப்படிச் செய்தால்தான் எனக்கு நிம்மதி.

கூலண்டைத் தண்ணீரோடு கலக்கும் வகை வாங்கியிருந்தால் குழாய்த் தண்ணீர் வேண்டாம், சுத்திகரித்த பேட்டரித் தண்ணீர் மாதிரி ஏதாவது ஊற்றுங்கள். பச்சையையும் சிவப்பையும் கலக்க வேண்டாம்.

தம்பி, இறக்கிய பழைய கூலண்டை என்ன செய்தீர்கள்? ஃபிளாட் பார்க்கிங்கில் பூனைகள் இருக்கும். கூலண்ட் இனிப்பாக இருக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். எங்கள் சந்தில் ஒன்று அப்படிப் போனது. லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றவும் வேண்டாம். பாட்டிலில் அடைத்துக் கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.


செந்தூல்காரன்:

அக்கா, வாளியில்தான் இருக்கிறது, பலகை போட்டு மூடி வைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஓடிப்போய் பாட்டிலில் அடைத்துவிட்டேன். தரையில் சிந்தியதையும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

நேற்று வேலை முடிந்து வந்து தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தேன். ஊசி அடியில்தான் இருந்தது. மேலே திருப்பி வைத்துப் புதுக் கேஸ்கெட் போட்டேன். சென்சார் பிளக்கின் ஒரு பின்னில் பச்சை. துடைத்துக் கட்டிவிட்டேன். இன்று காலை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது, வாடை இல்லை!

செந்தூலில் எங்கள் பக்கம் மேடு இல்லாததால் கடனுக்கு ஜேக் ஸ்டாண்ட் வாங்கி முன்பக்கத்தைத் தூக்கிக் காற்று எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. குமிழி வந்துகொண்டே இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. குமிழி நிற்கவில்லை என்றால் கேஸ்கெட் என்று எங்கோ படித்தேன். அந்தப் பட்டறைக்காரர் சொன்னது சரியோ என்று தோன்றுகிறது.


பட்டர்வொர்த் ஃபோர்மன்:

பயம் நியாயம்தான், அதனால் சோதித்துவிடுவோம்.

காற்றுக் குமிழி வரவரக் குறையும். ஒரு பெரிய குமிழி, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி இரண்டு சின்னது, இப்படி. கேஸ்கெட் வழியாக வருவது எரிந்த வாயு. அது இன்ஜின் ஓடும்வரை சீராக வந்துகொண்டே இருக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடும்.

அடுத்தது, நாளைக் காலை குளிர்ந்த இன்ஜினில் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, முதல் ஓரிரு நிமிடத்திலேயே, ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் சிலிண்டர் அழுத்தம் உள்ளே வருகிறது என்று அர்த்தம். மெதுமெதுவாக, சூட்டோடு இறுகினால் அது இயல்பு. எண்ணெய் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் குழம்பு இருக்கிறதா, சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்றும் பாருங்கள்.

இதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் பணம் கொடுக்க வேண்டியது ஹெட் வேலைக்கு இல்லை, ஒரு சோதனைக்கு. நீலத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். இந்தக் கருவி வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள். ஒரு சோதனையும் செய்யாமல் 1,400 வெள்ளி என்றது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. என் தொழில் இது. காதால் கேட்டு ஹெட்டைத் திறக்கச் சொல்லக் கூடாது.

ரேடியேட்டர் மூடி எத்தனை வருடப் பழசு? அதில் 0.9 என்று எழுதியிருந்தால் 0.9 பார் அழுத்தம்வரை அடைத்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் 100-லேயே கொதித்து வழியும். வடக்கே கிளம்பும் முன் அதே எண்ணில் புதிது ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.


பூச்சோங் புதுசு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் போன மாதம் அண்ணனோடு சேர்ந்து வீட்டிலேயே வாட்டர் பம்ப் மாற்றினேன். சூடு சரியாக இருக்கிறது, ஆனால் வண்டிக்கு இழுவையே இல்லை, ஐடிலில் நடுங்குகிறது. எனக்கும் காற்றுதானா?


பட்டர்வொர்த் ஃபோர்மன்:

பம்ப்பை எடுக்க டைமிங் பெல்ட்டை (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கும் பெல்ட்) கழற்றினீர்களா? கழற்றியிருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள் என்பதே என் முதல் சந்தேகம். அதை ஓட்டிப் பார்க்க வேண்டாம். சில இன்ஜின்களில் டைமிங் தவறினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். தனி இழை தொடங்குங்கள், இன்ஜின் எது என்று எழுதுங்கள், அங்கே வருகிறேன்.


செந்தூல்காரன்:

மூன்று காலை பார்த்தாயிற்று. முதல் நாள் அரை லிட்டருக்கு மேல் குடித்தது, இரண்டாம் நாள் ஒரு கோப்பை, மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. குமிழியும் நின்றுவிட்டது. ஹோஸ் மெதுவாகத்தான் இறுகுகிறது. எண்ணெய் மூடி சுத்தம். த்ரோட்டில் பாடிக் குழாய் இரண்டும் இப்போது சூடு. ஐடில் 800-ல் நிற்கிறது. மூடியும் புதிது போட்டேன். ஆனால் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் மாலை ஜாமில் ஒருமுறை முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனது.


மலையடி வீடு:

ஃபேன் சுற்றியதா பார்த்தீர்களா? ஜாமில் ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். ஹைவே வேகத்தில் ஏறினால் அது வேறு கதை, ரேடியேட்டர் அடைப்பு அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்வது.


செந்தூல்காரன்:

அக்கா, நீங்கள் சொன்னதும் ஏர்கானை நிறுத்தி ஐடிலில் விட்டுப் பார்த்தேன். முள் ஏறியும் ஃபேன் வரவில்லை. ஏர்கான் போட்டால் மட்டும் ஃபேன் ஒன்று சுற்றுகிறது. ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் பிளக்கைக் குடைந்தேன், ஹோஸ் மாற்றும்போது என் கை பட்டு லூசாகியிருக்கிறது. அழுத்தியதும் கிளிக் என்று உட்கார்ந்தது. இப்போது முள் வழக்கமாக நிற்கும் இடத்தைச் சற்றே தாண்டியதும் ஃபேன் வருகிறது.


பட்டர்வொர்த் ஃபோர்மன்:

அப்படியானால் போய் வாருங்கள். இரண்டு லிட்டர் கலந்த கூலண்ட், ஒரு பழைய துண்டு, டார்ச் டிக்கியில் இருக்கட்டும். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் இடம்தான் பரீட்சை. அங்கே முள் பாதியைத் தாண்டினால் ஏர்கானை நிறுத்துங்கள், வேகத்தைக் குறையுங்கள். மேலும் ஏறினால் ஓரம் நிறுத்துங்கள். என்ன ஆனாலும் சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், அம்மா பக்கத்தில் நிற்கும்போது கண்டிப்பாக வேண்டாம். என் வலது முன்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.


செந்தூல்காரன்:

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதுகிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மெனோரா ஏற்றத்தில் இடது பாதையில் 80-ல் ஏறினேன், கண் முழுக்க முள் மேலேயே. அசையவில்லை. அம்மா சுரங்கத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். காதுகுத்து நல்லபடி முடிந்தது, குழந்தைதான் ஊரைக் கூட்டி அழுதாள்.

சாப்பிட்டுவிட்டு, வண்டி நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தேன். ரிசர்வ் டேங்க்கில் கிளம்பும்போது பேனாவால் போட்ட கோட்டிலேயே தண்ணீர் நிற்கிறது. அண்ணே, பட்டர்வொர்த் இங்கிருந்து பக்கம்தானே. நாளைக் காலை திரும்பும் முன் உங்களை ஒரு டீ குடிக்க அழைக்கலாமா? அம்மா பலகாரம் கட்டி வைத்திருக்கிறார்.


பட்டர்வொர்த் ஃபோர்மன்:

ஒன்பது மணிக்கு ஃபெரி முனையம் பக்கம் வாருங்கள். பானெட்டைத் திறந்து அந்தக் கேபிள் டையையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.